தூண்டிலும் துடுப்பும்

1885-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்க நாட்டின் தென்கோடியிலுள்ள பிளாரிடா மாகாணத்தில், புன்டா ராசா என்னும் துறைக்கு அருகே, நியூயார்க்கு நகரத்தைச் சேர்ந்த வுட் என்னும் கனவான் ஒருவர் ஒரு சிறு படகில் அமர்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அன்று அவருடைய தூண்டிலில் ஒரு பெருமீன் சிக்கியது. சிக்கிய மீன் வானில் எழும்பிக் குதித்தது. நூலை இழுத்துக்கொண்டு ஓடியது. நெடுநேரப் போராட்டத்துக்குப் பின் அதை அவர் வசமாக்கினார். எடை 93 இராத்தல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அம்மீனுக்கு ஆங்கிலத்தில் டார்ப்பன் என்று பெயர். அதுவரை அதை எறியீட்டியால் குத்திப் பிடித்தார்களேயன்றிக் கோலும் உருளையும் கொண்டு பிடிக்க இயலும் என்று எவரும் பெரிதாக நம்பியதில்லை. செய்தி பத்திரிகைகளில் வெளிவந்ததும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் செல்வர்கள் கூட்டங்கூட்டமாக அக்கடற்கரைக்கு வரத் தலைப்பட்டனர். அவர்களுக்கென விடுதிகள் எழுந்தன. அவர்களை ஏற்றிச்சென்று, மீன் இருக்கும் இடம் காட்டித் தூண்டில் போடச் செய்து, மாலையில் கரை சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட வழிகாட்டிப் படகோட்டிகள் என்றொரு புதுத் தொழிற் கூட்டமும் அங்கே தோன்றியது.

நாஞ்சில் நாட்டைப்பற்றிப் பேச வந்தவன் பிளாரிடாவில் தொடங்குவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. அந்த மீனின் உடன்பிறப்பு ஒன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பொழிமுகங்களிலே வாழ்கிறது என்பது ஒன்று. மற்றொன்று, வுட் என்பவரின் படகைச் செலுத்தியவரைப் பற்றியது. அவர் பெயர் ஜான் சுமித் என்று அந்நாட்டார் குறித்துவைத்திருக்கிறார்கள். நம் கரையில் அப்படிக் குறித்துவைக்கும் வழக்கம் இருந்ததா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதில் என்னுடைய பிழையும் ஒன்று கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முதலில் மீனைப் பார்ப்போம். நம் கரையில் இதனை மொராங்கெண்டை என்பர். வெள்ளித் தகடு வேய்ந்தாற்போன்ற பெரிய செதில்கள், மேல்நோக்கிப் பிளந்த வாய், பெரிய கண், முதுகுத் துடுப்பின் கடைசி முள் மட்டும் ஒரு நூல்போல நீண்டு பின்னே தொங்கும். அட்லாண்டிக்குக் கடலின் டார்ப்பன் ஓர் ஆளின் உயரத்தையும் கடந்து, நூறு கிலோவுக்கு மேலும் வளரும். நம் மொராங்கெண்டை அவ்வளவு பெரிதன்று. ஐந்து அடி வரை வளரக்கூடும் என்று நூல்கள் கூறினும், பொழியில் அகப்படுவன பெரும்பாலும் ஓரடி, ஒன்றரை அடி அளவினவே. ஆனால் குணம் இரண்டுக்கும் ஒன்றுதான். தூண்டில் பட்டவுடன் நீரைவிட்டு எழும்பித் தலையை உதறும். வாயின் உட்புறம் எலும்புபோல் கெட்டியாகையால் முள் ஏறாமல் தெறித்துவிடும்.

இம்மீனுக்கு வியப்பான இயல்பு ஒன்று உண்டு. செவுளால் மூச்சு விடுவது போதாதென்று, நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றையும் விழுங்கும். விழுங்கிய காற்று தொண்டையோடு தொடர்புடைய காற்றுப்பைக்குள் செல்லும். அதனால் பிற மீன்கள் மூச்சுத் திணறும் சேற்றுக் கழியிலும் உப்பு வற்றிய தேக்க நீரிலும் இது கவலையின்றி வாழும். கடலில் பிறந்து, கண்ணாடி நாடாபோன்ற குஞ்சுப் பருவத்தில் அலையோடு மிதந்து வந்து, பொழிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் புகுந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்வது இதன் வாழ்க்கை.

1782-ஆம் ஆண்டில் புருசொனே என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கு இலத்தீன் மொழியில் பெயரிட்டபோது, 'கெண்டையை ஒத்தது' என்று பொருள்படும் சொல்லையே தேர்ந்தார். தமிழ்ப் பரதவனும் இதைக் கெண்டை என்றே அழைத்தான். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே உவமையைக் கண்டது ஒரு சுவையான ஒற்றுமை. ஆனால் மீன்நூலார் பார்வையில் இது கெண்டையினத்தைச் சேர்ந்ததன்று. விலாங்கினத்துக்கே நெருங்கிய உறவு.

நூறாண்டு கழித்து, சென்னைப் படையின் மருத்துவராக இருந்த பிரான்சிசு டே என்பவர் 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்டார். பல மீன்களுக்கு இலத்தீன் பெயரோடு தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களையும் அவர் சேர்த்துத் தந்திருக்கிறார். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? கரையில் நின்று ஒவ்வொரு மீனையும் தூக்கிக் காட்டி, இது இன்னது என்று சொல்லியவர்கள் இருந்திருக்கவேண்டும் அன்றோ? மீனின் பெயர் நூலில் ஏறிற்று. சொன்னவர் பெயர் ஏறவில்லை. டே அவர்களைக் குறைகூறும் எண்ணத்தால் இதைச் சொல்லவில்லை. அக்காலத்து நூல் மரபு அது. பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை என்பதை இனிச் சொல்லப்போகும் நிகழ்ச்சி காட்டும்.

1961-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. எனக்கு வயது பதினான்கு. சென்னையில் அலுவல் பார்த்துவந்த என் தாய்மாமன் நாகர்கோவிலுக்கு வந்திருந்தார். தூண்டிலில் மிக்க பற்றுடையவர். மகாசீர் மீன் பிடிப்பதைப்பற்றித் தாமசு என்னும் ஆங்கில அதிகாரி 1873-இல் வெளியிட்ட 'இந்தியாவில் தூண்டிற்கோல்' என்னும் நூலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வேதம்போல் வைத்திருந்தார். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் பிளாரிடாவின் வெள்ளி மீனைப்பற்றிப் படித்த நாள்முதல், அதன் இனத்ததொன்றை எப்படியாவது பிடித்துவிடவேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. மணக்குடிப் பொழியில் அது உண்டு என்று யாரோ சொல்ல, மூங்கிற்கோல், பித்தளை உருளை, பெட்டிக் காமிரா ஆகியவற்றோடு புறப்பட்டார். காமிராவைச் சுமந்துகொண்டு நானும் சென்றேன்.

நாஞ்சில் நாட்டு வயல்களையெல்லாம் நனைத்துவரும் பழையாறு கடலைத் தொடும் இடம் மணக்குடி. பொழியின் கிழக்கே கீழமணக்குடி, மேற்கே மேலமணக்குடி. கோடையில் ஆற்று நீர் குறையும்போது கடல் மணலைக் கொண்டுவந்து முகத்தை அடைத்துவிடும். நாங்கள் சென்றபோது பொழி அடைந்து கிடந்தது. வெளியே செல்ல வழியின்றி உள்ளே அகப்பட்ட மீன்கள் உண்டு என்று கரையில் சொன்னார்கள். அங்கே ஒரு முதியவர் சிறு கட்டுமரத்தோடு இருந்தார். இரண்டு ரூபாயும் ஒரு பொட்டலம் புகையிலையும் கூலி என்று பேசி முடிந்தது. அவரைப் பாட்டா என்று நான் அழைத்தேன். நாஞ்சில் நாட்டில் முதியவர் எவரையும் சிறுவர் அப்படித்தான் அழைப்பர்.

ஏறியவுடன் மாமா தூண்டிலைப் போட்டார். பாட்டா அதை எடுக்கச் சொன்னார். ஓரிடத்தில் கட்டுமரத்தை நிறுத்தி, துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு, வாளா இருந்தார். கால்மணி நேரம் சென்றிருக்கும். மாமா பொறுமை இழந்து ஏதோ கேட்டார்.

"பொறும் சாரே, சத்தம் போடாதேயும். மீன் மூச்செடுக்க மேல வரும். அதுக்க மூச்சைப் பாத்துத்தான் தூண்டில் போடணும்" என்றார் பாட்டா.

சிறிது நேரத்தில் முப்பது முழத் தொலைவில் நீர் மெல்லப் புரண்டது. வெள்ளி முதுகொன்று தோன்றி மறைந்தது. அதன்பின் சில குமிழிகள் ஒரு வரிசையாக எழுந்தன. குமிழி செல்லும் திக்கைப் பார்த்து, மீன் எங்கே நிற்கிறது, எங்கே அடுத்தமுறை எழும் என்பதை அவர் கணித்தார். கட்டுமரத்தை அங்குக் கொண்டுசெல்லாமல், அதற்கு முன்னால், வளைந்து சென்று நிறுத்தினார். உயிருள்ள இறால் ஒன்றை முள்ளில் கோத்து, "இப்போ" என்றார். தூண்டில் விழுந்த மறுநொடி மீன் கௌவியது. மாமா ஆர்வ மிகுதியால் கோலைச் சுண்டி இழுத்தார். மீன் வானில் எழுந்து ஓர் உதறு உதறியது. முள் காற்றில் பறந்து வந்தது. இரண்டாவதும் அவ்வாறே போயிற்று. மூன்றாவது முறை பாட்டா தம் கையை மாமாவின் கைமேல் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மீன் நூலை இழுத்துத் திரும்பும்வரை அக்கையை எடுக்கவில்லை. அந்த மீன் வந்தது. ஒன்றரை முழத்துக்குச் சற்றுக் குறைவு.

கட்டுமரத்திலேயே படம் எடுக்கவேண்டும் என்றார் மாமா. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முனையில் குந்தியிருந்து காமிராவில் நோக்கினேன். மாமாவுக்கு அருகே பாட்டாவும் தெரிந்தார். "பாட்டா, கொஞ்சம் விலகி நில்லுங்கள், நிழல் விழுகிறது" என்றேன். அவர் விலகிக்கொண்டார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பின்புறத்தில் மாமா தம் கையெழுத்தில் நாளையும் இடத்தையும் மீனின் நீளத்தையும் எழுதியிருக்கிறார். பள்ளி திறந்ததும் நானும் இதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு பெற்றேன். கட்டுரையில் மாமா வருகிறார், மீன் வருகிறது, பித்தளை உருளைகூட வருகிறது. பாட்டாவுக்கு, 'ஒரு மீனவன் படகு செலுத்தினான்' என்று ஒரு வரி. அவர் பெயரைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பிற்காலத்தில் வரலாறு கற்றபோதுதான் இந்த வழக்கம் எவ்வளவு பழமையானது என்று கண்டேன். வாசுகோ ட காமா 1498-இல் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியிலிருந்து ஒரு மாலுமியை வழிகாட்டியாகக் கொண்டே கள்ளிக்கோட்டையை அடைந்தான். அந்த மாலுமி யார் என்பதைப்பற்றி அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். ஆங்கிலேய மாலுமி டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் நம் கட்டுமரத்தைப்பற்றி எழுதினார். அச்சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. இன்று உலகமெங்கும் இரட்டை உடல் கொண்ட படகையெல்லாம் அப்பெயரால் அழைக்கிறார்கள். சென்னை மாகாணத்தின் மீன்துறைத் தலைவராக இருந்த ஜேம்சு ஆர்னெல் 1920-இல் இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து எழுதினார். கட்டுமரம் எத்தனை மரத்தால், எப்படிப் பிணிக்கப்படுகிறது என்பதையெல்லாம் நுணுகிக் கண்டவர் அவர். மரமும் கயிறும் ஏட்டில் ஏறின. மரத்தின்மேல் இருந்தவனுடைய தலைக்குள் என்ன இருந்தது என்பது பெரும்பாலும் ஏறவில்லை.

அந்தத் தலைக்குள் இருந்ததில் ஒன்றை மட்டும் இங்குச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பொழியில் குமிழியைப் பார்த்து மீனைக் காணலாம். நடுக்கடலில் என்ன செய்வது? கடலின் அடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைப் பார் என்பர். கலவாவும் பாரையும் விளமீனும் அங்கேதான் கூடும். பாருக்கு நேர்மேலே தூண்டிலை இறக்கினால் மீன் உண்டு. சற்றே விலகினாலும் வெறும் மணல். மேலே பார்த்தால் எங்கும் ஒரே நீர். இங்கேதான் கணியம் என்றும் கணிச்சம் என்றும் ஊருக்கு ஊர் வழங்கும் கலை உதவுகிறது. கடலில் இருந்துகொண்டு கரையைப் பார்க்கவேண்டும். தொலைவிலுள்ள மலையுச்சி ஒன்றும், அதற்கு முன்னால் கரையிலுள்ள கோயிற் கோபுரமோ பனையோ ஒன்றும் ஒரே நேராக வரும்படி மரத்தைச் செலுத்தவேண்டும். அது ஒரு கோடு. வேறொரு திக்கில், வேறொரு மலையும் வேறொரு குறியும் நேராகவேண்டும். அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் பார் இருக்கிறது. நில அளவையாளர் கருவி கொண்டு செய்வதை இவர்கள் கண் கொண்டு செய்தார்கள். ஆழத்தைக் கயிற்றால் பாகக் கணக்கில் அளந்தார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறிந்தது போலவே, கண்ணுக்குத் தெரியாத நீரோட்டத்துக்கும் வாநீவாடு, சோநீவாடு என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள்.

இக்கலைக்கு நம் மாவட்டம்போல் வாய்த்த இடம் குறைவு. சோழமண்டலக் கரையில் ஏழெட்டுக் கல் தொலைவு சென்றால் தட்டையான கரை கண்ணுக்கு மறைந்துவிடும். இங்கோ மேற்குத் தொடர்ச்சி மலை கடலருகே வந்து முடிகிறது. மகேந்திரகிரியும் தாடகைமலையும் வேளிமலையும் மருந்துவாழ்மலையும் வரிசையாக நின்று குறி காட்டுகின்றன. வயல் நாட்டாராகிய நாங்கள் அம்மலைகளை மழை தருவன என்றும் ஆறு தருவன என்றும் மட்டுமே எண்ணியிருந்தோம். ஐந்தாறு கல் தொலைவிலுள்ள மணக்குடியார் அவற்றைத் திசை காட்டும் கைகளாகக் கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குமேல்தான் தெரியவந்தது. ஒரே மலையின் அடியில் இரண்டு கூட்டத்தார் எவ்வளவு நாள் அறிமுகமின்றி வாழ்ந்திருக்கிறோம்!

கணியம் எல்லார்க்கும் பொதுவன்று. ஒரு பாரைக் கண்டவன் அதன் கணியத்தைத் தன் மகனுக்குச் சொல்வான், மருமகனுக்குச் சொல்வான், அயலானுக்கு எளிதில் சொல்லமாட்டான். ஏட்டில் எழுதிவைப்பதில்லை, எழுதினால் திருட்டுப்போகும். கணியம் அறிந்தவன் கடலில் சொத்துடையவன். அவன் ஒருவனைத் தன் மரத்தில் ஏற்றிச்சென்று இடம் காட்டினால், அது இரண்டு ரூபாய்க்கு உரிய வேலையன்று. என் மாமா கொடுத்தது அவ்வளவுதான். அவர் அதிகம் கொடுத்ததாகவே கடைசிவரை எண்ணியிருந்தார்.

குமரிமுனைக்குத் தெற்கே வெட்ஜ் மேடு என்றொரு பெரிய கடலடி மேடு இருக்கிறது. மீன்வளத்தில் இந்தியக் கடல்களில் பேர்பெற்றது. 1920-களில் இலங்கை அரசினர் 'லில்லா' என்னும் நீராவிக் கப்பலைக் கொண்டு சுற்றுக்கடல்களை ஆராய்ந்தனர். அதன்பின் இழுவைக் கப்பல்கள் இம்மேட்டில் மீன் வாரிக் கொழும்புக்குக் கொண்டுசென்றன. அரை நூற்றாண்டுக் காலம் இது நடந்தது. 1976-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் இரு நாடுகளும் கடல் எல்லை வகுத்துக் கடிதம் மாற்றிக்கொண்டபோது, மேடு இந்தியாவின் உரிமைக்குட்பட்ட பகுதி என்பது உறுதியாயிற்று. இலங்கைக் கப்பல் ஆறுக்கு மட்டும் மூன்றாண்டுக்கால இசைவு அளிக்கப்பட்டது. ஆராய்ச்சியின் கதையும் உடன்படிக்கையின் கதையும் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. பாய்விரித்த கட்டுமரத்தில் தூண்டிலோடு அக்கடலுக்குச் சென்ற குமரிக்கரையாரின் கதையை அவற்றினிடையே தேடித்தான் பார்க்கவேண்டும்.

மாவட்டத்தின் மேற்கெல்லையில் தூத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களைப்பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரயுமன்துறை, பூத்துறை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலியன அவை. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இவர்களுக்கு நிகர் இந்தியக் கரையில் இல்லை என்பது மீன்துறையார் யாவரும் ஒப்புவது. கட்டுமரத்தில் தொடங்கியவர்கள், விசைப்படகு வந்தபின் இலட்சத்தீவு, குசராத்துக் கடல் என்று சென்று, இந்துமாக்கடலின் நடுவிலுள்ள டீகோ கார்சியாவை அடுத்த நீர்ப்பரப்புவரை எட்டினர். மலை தெரியாத கடலில் கணியம் ஏது? அங்கே விண்மீன் துணை, பின்பு திசைகாட்டி, இப்போது செயற்கைக்கோள் இடங்காட்டி. பாரின் இடத்தை இன்று ஒரு சிறு கருவியில் எண்களாகப் பதித்து வைத்துக்கொள்கிறார்கள். எண்ணைத் திருடுவது கணியத்தைத் திருடுவதைவிட எளிது என்று ஒரு படகுக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆயினும் கருவியை வேண்டாம் என்று சொல்ல அவர் அணியமாக இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் சொல்லமாட்டேன்.

வழிகாட்டியின் அறிவு எவ்வளவு பெறும் என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் திடீரென்று வலுப்பெற்றது. தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடல் சென்ற படகுகள் பல திரும்பவில்லை. தேடும் கப்பல்களும் வானூர்திகளும் புறப்பட்டபோது கரையிலிருந்தவர்கள் கேட்டது ஒன்று: எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்கள் எந்தக் கடலில் தொழில் செய்வார்கள், காற்று இப்படி அடித்தால் கவிழ்ந்த மரம் எத்திக்கில் ஒதுங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பின்னர்த் தேடுதற்கப்பல்களில் மீனவர்களும் சென்றனர். முதல் நாளே ஏற்றியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்ற கேள்வி அவ்வூர்களில் இன்னும் ஆறாப் புண்ணாக இருக்கிறது. அதற்கு விடை கூறும் ஆற்றல் எனக்கு இல்லை. ஆனால் கடலறிந்தவன் கேட்டுப் பெறவேண்டிய இடமா கப்பலின் முன்தளம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இக்காலத்தில் அந்தமான் தீவுகளில் வாடகைப் படகில் தூண்டில் வேட்டைக்கு வெளிநாட்டார் வருகிறார்கள். நம் மாவட்டத்திலும் அப்படி ஒரு தொழிலைத் தொடங்கினால் என்ன என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறையாறு கடல் சேரும் இடமும் மணக்குடிப் பொழியும் அதற்கு ஏற்றவை என்கிறார்கள். பிளாரிடாவில் 2013 முதல் டார்ப்பனைப் பிடித்தால் மீண்டும் நீரில் விட்டுவிடவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். மீனைக் கொல்லாமலே வழிகாட்டிக்குக் கூலி கிடைக்கிறது. மறுநாளும் அதே மீன் அங்கே இருக்கிறது. சோற்றுக்காக மீன் பிடிக்கும் கரையில், பிடித்த மீனை விட்டுவிடுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றக்கூடும். ஆயினும் முதிய வயதில் வலையிழுக்க இயலாத ஒருவர், பொழியில் இரண்டு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் மூச்செடுக்கும் மீனைக் காட்டிக் கண்ணியமாகப் பிழைக்கலாம் என்றால், நான் அதை வரவேற்பேன். படகு யாருக்குச் சொந்தம், கூலியை யார் வகுப்பது என்ற இரண்டையும் அம்முதியவரைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். விடுதிக்காரர் வகுத்தால் மீண்டும் இரண்டு ரூபாயில்தான் முடியும்.

2018-ஆம் ஆண்டில் பழைய படத்தை எடுத்துக்கொண்டு மணக்குடிக்குச் சென்றேன். பாட்டாவின் பெயரையாவது அறிந்துவர வேண்டும் என்பது எண்ணம். இரு கரையையும் இணைத்த பழைய பாலத்தை 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அடித்துச் சென்றுவிட்டது, இப்போதிருப்பது புதியது. பாலத்தருகே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த சிலரிடம் விசாரித்தேன். "எந்தப் பாட்டா?" என்று கேட்டார்கள். 1961-இல் இங்கே கட்டுமரம் வைத்திருந்த பாட்டா என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அப்போது எல்லாரிடமும் கட்டுமரம் இருந்தது.

அவர்களில் எண்பது வயதை நெருங்கிய ஒருவர் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். மீனைப் பார்க்கவில்லை, என் மாமாவையும் பார்க்கவில்லை. படத்தின் பின்னணியில் மங்கலாகத் தெரிந்த மலையையும், அதன் முன்னே ஒரு புள்ளிபோல் நின்ற சிலுவையையும் விரலால் தொட்டார்.

"இது கீழக்கரை ஓரம். மலைக்க தலையும் கோயிலுக்க குருசும் ஒண்ணுக்கொண்ணு நேரே நிக்குது பாரும். இதுக்கு நேரதான் பழைய பள்ளம் கிடந்தது. கெண்டை நிக்கக்கூடிய பள்ளம். சுனாமியிலே மணல் ஏறித் தூந்துபோச்சு" என்றார்.

ஐம்பத்தேழு ஆண்டுகளாக அந்தப் படத்தைப் பார்த்துவந்த எனக்கு அது எந்த இடம் என்பது தெரியாது. அவர் மீண்டும் படத்தைத் திருப்பினார். இடது ஓரத்தில், மாமாவின் முழங்காலுக்கு அருகே, ஒரு துடுப்பின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என் முகத்தை ஏறிட்டு நோக்கினார்.

"இந்தத் துடுப்பு ஆருக்க துடுப்பு சாரே?" என்று கேட்டார்.